டட்சனா, வோல்க்ஸா, மைனரா: வீட்டுப் போர்ச்சில் வைத்துப் பழைய காரைச் செய்ய எது தோது?

என் அக்கா மகனுக்கு இருபத்தாறு வயது. ஈப்போவில் வேலை. சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு முழு லீவு. சுங்கை சிப்புட்டில் அவர்கள் இருப்பது ஒற்றை மாடித் தாமான் வீடு, அதாவது குடியிருப்புப் பகுதியில் வரிசையாகக் கட்டிய வீடு. முன்னால் ஒரே ஒரு கார் நிற்கிற போர்ச், மேலே தகரக் கூரை. தைப்பூசம் முடிந்த வாரம் வந்தான். "மாமா, பழைய காடி ஒன்னு வாங்கி நானே பிரிச்சுச் செய்யணும். மூனு பார்த்து வச்சிருக்கேன். வந்து பார்த்துச் சொல்றீங்களா?" என்றான்.

டட்சன் 120ஒய் ஒன்று, வோல்க்ஸ்வேகன் பீட்டல் ஒன்று, மோரிஸ் மைனர் 1000 ஒன்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றையும் போய்ப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கிற வேறு பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால், எதை வைத்து எடை போட்டேன் என்று விரிவாகவே எழுதுகிறேன். நான் தொழில்முறைப் பொமன், அதாவது மெக்கானிக், இல்லை. செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னுடைய மைனரை வீட்டில் வைத்தே ஏழு வருடம் எடுத்துச் செய்து முடித்தவன். அந்த ஏழு வருடத்தில் எஞ்சினுக்குப் போனது நாலு மாதம். மீதி எல்லாம் பாடிக்கும் தகரத்துக்கும் போனது.

அதனால்தான் பழைய கார் பார்க்கப் போனால் நான் எஞ்சினை மூடியிருக்கும் பொன்னட்டைக் கடைசியில் திறக்கிறேன். எஞ்சின் என்பது கழற்றி மேசையில் வைத்துச் செய்கிற சாமான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ஈப்போவில் கடைசல் பட்டறை இருக்கிறது, உட்புறத்தைக் கடைந்து சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். புத்தகத்தைப் பார்த்துப் பொறுமையாகச் செய்தால் முதல் தடவை செய்கிறவனுக்கும் கைவரும். பாடி அப்படி இல்லை. துருவை வெட்டி எடுத்து, அளவு தவறாமல் புதுத் தகரத்தை வைத்து, வெல்டிங் போட்டு, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்யத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கார்களை இந்த வட்டாரத்தில் நான் பத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். எல்லாமே பாடியில் நின்றவை.

ஆகவே மூன்று வண்டிக்கும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். துருப்பிடித்த பாகத்தை போல்ட்டைக் கழற்றி மாற்ற முடியுமா, வெட்டித்தான் ஒட்ட வேண்டுமா? வெட்ட வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு அச்சடித்த தகரம் எங்காவது புதிதாகக் கிடைக்கிறதா?

கையில் கொண்டுபோனது ஒரு டார்ச்லைட், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், கீழே படுக்க ஒரு பாய், அப்புறம் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று.

டட்சனை முதலில் பார்த்தோம். டவுனிலேயே இருந்தது. ஆரஞ்சு நிறம், பார்த்தவுடன் மனம் போகிற மாதிரி பளபளப்பு. சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மருமகன் முகத்தைப் பார்த்தேன், அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுவான் போலிருந்தது.

120ஒய் 1973இல் வந்த வண்டி. 1171 சிசி ஏ12 எஞ்சின். டான் சோங் நிறுவனத்தார் 1976இல் கோலாலம்பூர் செகாம்புட்டில் தொழிற்சாலை திறந்து டட்சன் வண்டிகளை இங்கேயே பாகம் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். எழுபதுகளின் கடைசியில் எந்தத் தோட்டத்துப் பட்டணத்துக்குப் போனாலும் நாலு 120ஒய் நிற்கும். இந்த எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சின்னது, லேசானது, கை நுழைய இடம் தாராளம். பாயிண்ட், கார்புரேட்டர், வால்வு இடைவெளி எல்லாம் ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இதே ஏ வரிசை எஞ்சின் பின்னால் நிசான் வேனட் வேனிலும் ஓடியது என்பதால், எஞ்சின் சாமானுக்குப் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கிற போத்தோங் கடைகளிலும் இன்னும் வழி உண்டு. மூன்றில் சீக்கிரம் ரோட்டுக்கு வரக்கூடியது இதுதான், சந்தேகமே இல்லை.

அப்புறம் காந்தத்தை எடுத்தேன். முன் சக்கரத்தை மூடுகிற ஃபெண்டரில் பிடித்தது. கதவில் பிடித்தது. பின் சக்கரத்துக்கு மேலே வளைகிற இடத்தில் வைத்துக் கையை எடுத்தேன், டக்கென்று கீழே விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதியிலும் பாதி தூரம் பிடிப்பே இல்லை. அந்த ஆரஞ்சுக்கு அடியில் இருப்பது தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசுகிற புட்டிப் பசை. விரல் கணுவால் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டுகிற சத்தம்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு என் மைனரின் சில்லை ஒரு பட்டறையில் கொடுத்தேன். பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு அழகாக முடித்துக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே மலாய்ப் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து மேலே புட்டி பூசியிருக்கிறார்கள். தாள் ஈரத்தைப் பிடித்துவைத்ததில் நல்லாயிருந்த தகரமும் சேர்ந்து போய்விட்டது. அன்றைக்கு நான் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் வெல்டிங் கற்றுக்கொண்டேன்.

டட்சனில் முன் ஃபெண்டர்களைத்தான் போல்ட்டில் கழற்றலாம். பின்பக்கம் பாடியோடு சேர்ந்த வெல்டிங். அந்த இடத்துக்குப் புதுத் தகரம் கடையில் தேடி நான் ஒருபோதும் கண்டதில்லை. இன்னொரு 120ஒய்யை வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டையான தகரத்தை வளைத்துக் கையால் தட்டி உருவாக்க வேண்டும். முதல் தடவை செய்கிற பையனுக்கு அது பெரிய வேலை.

பீட்டல் கோலகங்சாரில் ஒரு ஆசிரியர் வீட்டில் இருந்தது. மலாய்க்காரர்கள் குரா என்பார்கள், ஆமை. 2003 வரை மெக்சிகோவில் செய்துகொண்டிருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல். அவ்வளவு வண்டி ஓடியதால் உலகத்தில் யாராவது ஒருவர் எப்போதும் சாமான் செய்துகொண்டே இருக்கிறார்கள். தரம் மட்டும் ஒரே மாதிரி இருக்காது, மலிவான ரப்பர் ஒரு வருடத்தில் வெடித்துவிடும்.

வீட்டில் வைத்துச் செய்கிறவனுக்கென்றே அமைத்த மாதிரி இருக்கும் இதன் கட்டு. நாலு ஃபெண்டரும் போல்ட். எஞ்சின் நாலு போல்ட்டில் கியர்பாக்ஸோடு நிற்கிறது. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. நல்ல டிராலி ஜாக்கும் கூட ஒரு ஆளும் இருந்தால் காலையில் இறக்கிவிட்டு அப்புறம் பசியாறலாம். பாடியையே சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றித் தரைப்பகுதியிலிருந்து தூக்கிவிட முடியும். எரிபொருள் குழாயை மட்டும் வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். பின்னால் எஞ்சின் பக்கத்திலேயே போகிற குழாய் அது. காய்ந்து வெடித்து பெட்ரோல் சொட்டி எரிந்துபோன பீட்டல்கள் உண்டு.

பின் சீட்டைத் தூக்கினோம். வலப்பக்கம் பேட்டரி உட்காரும் இடம். டார்ச்சே தேவைப்படவில்லை, கீழே இருந்த புல் தெரிந்தது. மருமகன் பின்வாங்கினான். "இதுக்குப் பயப்படாதே தம்பி, இந்தத் தரைத் தகரம் பாதி பாதியாப் புதுசாவே கிடைக்கும்" என்றேன். பேட்டரி அமிலத்தால் எல்லா பீட்டலிலும் முதலில் போகிற இடம் இது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற ஹீட்டர் குழாய். குளிர் நாட்டில் எஞ்சின் சூட்டை உள்ளே கொண்டுவர வைத்தது. நமக்கு அந்தச் சூடு தேவையில்லை, ஆனால் பாடிக்கு முதுகெலும்பே அந்தக் குழாய்தான். சோதிக்க எளிய வழி உண்டு. கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் ஜாக் போட்டுத் தூக்கி, மறுபடி கதவைத் திறந்து சாத்த வேண்டும். தூக்கினோம். கதவைத் திறக்கும்போதே அதன் பின் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியது, சாத்தும்போது பூட்டில் இடித்தது. பாடி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். குழாய் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். மாற்றும்போது பாடி கோணாமல் உள்ளே சட்டம் கொடுத்து முட்டு வைக்க வேண்டும். புதுக் குழாய் கிடைக்கும், ஆனால் நீட்டமான, தப்புப் பண்ணக் கூடாத வெல்டிங் அது. ஆசிரியர் கேட்ட விலையோ மூன்றிலும் அதிகம். பீட்டல் என்றால் எல்லாருக்கும் ஆசை, அதனால் துருவுக்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள்.

மைனரைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போனோம். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலமாகிவிட்ட தோட்டம். அந்தக் காலத்தில் தோட்ட நிர்வாகியான துரைக்கு லேண்ட் ரோவர், தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கு மைனர். அந்த வகையில் வந்த வண்டிதான் இது. கிராணியிடமிருந்து வாங்கியவர் சொந்தத்தில் நாலு ஏக்கர் பால்மரம் வைத்திருந்தவர். அவர் இறந்த பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கு அடியில் பதினைந்து வருடமாக நிற்கிறது. கோழி எச்சம், நாலு டயரிலும் காற்றில்லை, முன் விங் (மைனரில் ஃபெண்டரை அப்படித்தான் சொல்வோம்) இரண்டும் ஓரம் முழுக்கத் துருவால் தின்னப்பட்டிருக்கிறது. மருமகன் கிட்டவே வரவில்லை.

பின்னால் சாமான் வைக்கிற பூட்டின் மூடியைத் திறந்தேன். அந்த வாடை, தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ரப்பர் ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் ஏற்றிப் போயிருக்கிறார். ஆசிட் ஊற்றி உறையவைத்த பாலிலிருந்து வடிகிற தண்ணீர் தகரத்தை அரிக்கும். பூட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, சுற்றிலும் தேன்கூடு மாதிரி. ஆனால் அந்த ஓட்டையைச் சுற்றி ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டே போனேன். ஒரு சாண் தள்ளிப் போனதும் கெட்டித் தகரம், டங் டங் என்று சத்தம். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடமும் கெட்டி. பாயைப் போட்டுக் கீழே படுத்தேன். சில் இரண்டும் போயிருக்கிறது, நடுவில் குறுக்கே ஓடுகிற சட்டத்தின் ஒரு முனை போயிருக்கிறது. முன்பக்கச் சேசிஸ் கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எங்கேயும் புட்டி இல்லை. அறுபது வருட வண்டியில் எது போயிற்று, எது இருக்கிறது என்று அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தது.

மைனர் 1948இல் வந்தது. பின்னால் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் செய்த வண்டி. எழுபதுகளின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நாங்கள் பார்த்தது 1962க்குப் பிந்திய 1098 சிசி. இதில் முன் விங், பின் விங் நாலும் போல்ட். வெட்டி ஒட்ட வேண்டிய சில், குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதுத் தகரம் அச்சடித்து விற்கிறார்கள். விங்குக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கிற பைப்பிங் பட்டை, கண்ணாடி ரப்பர், கதவுக் கைப்பிடிக்கு அடியில் போடும் வாஷர் வரை கிடைக்கும். கப்பல் கூலியும் வரியும் சேரும். அதனால் ஒவ்வொன்றாக வாங்காமல் பட்டியல் போட்டு வருடத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக வரவழைப்பது என் வழக்கம்.

மைனரின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். முன் சக்கரம் நிற்கிற டிரனியன் மரையில் சுழல்கிற பாகம். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். வாங்கியதும் ஜாக் போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுகிறவர் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், அதை வெளியே எடுப்பது கை வலிக்கிற வேலை. பேட்டரியில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும்; பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. வார்ப்பிரும்பு ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, இப்போதைய ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு உட்காரும் சீட் தேயும். எஞ்சினைப் பிரிக்கும்போது கெட்டியான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீரும். பீட்டலிலும் 120ஒய்யிலும் அலுமினிய ஹெட், சீட் தனியாகவே இருக்கும், இந்தச் செலவு கிடையாது.

புரோட்டோன் சாகாவும் இப்போது இந்தக் கணக்கில் வர ஆரம்பித்துவிட்டது. 1985 ஜூலையில் வெளிவந்தது. சாமான் எங்கும் கிடைக்கிறது. கட்டுப்படியாகிற விலைக்கு நல்ல சாகா கண்ணில் பட்டால் தயங்காமல் எடுக்கலாம். இவன் பார்த்து வைத்த மூன்றில் அது இல்லை. தோட்டத்து லேண்ட் ரோவர் மேலே அலுமினியம், கீழே இரும்புச் சேசிஸ்; அதைப் பிரித்துப் போட அந்தப் போர்ச் போதாது.

எந்த வண்டி என்பதைப் போலவே எப்படிச் செய்வது என்பதும் முக்கியம். முழுக்கப் பிரித்து, பாடியை மட்டும் நிறுத்தி, கடைசி ஸ்குரூ வரை புதுசாக்குவது ஒரு வழி. பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு கார் நிற்கிற போர்ச்சில் பிரித்த காருக்கு மூன்று கார் அளவு இடம் வேண்டும். கதவு கூடத்தில், சீட் கட்டிலுக்கு அடியில் என்று போய், ஒரு வருடத்தில் எந்த போல்ட் எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும். பாடியை மட்டும் பட்டறைக்கு அனுப்பிவிட்டு மற்றதை வீட்டில் செய்யலாம். நம்பகமான ஆள் தெரிந்தால் நல்ல வழி, ஆனால் தகரம் வெட்டிய நிலையில் ஒரு தடவை, பிரைமர் அடித்த நிலையில் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நான் அந்தப் பத்திரிகைத் தாள் விஷயத்தில் போகவில்லை.

நான் அவனுக்குச் சொன்னது வேறு. காரை ஒரு மூலை ஒரு மூலையாக எடு. வலது முன் விங்கைக் கழற்று, அந்தச் சக்கரம், பிரேக், டிரனியன், உள்ளே உள்ள தகரம் எல்லாவற்றையும் முடித்து மாட்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போ. எப்போதும் மூன்று சக்கரப் பக்கம் முழுசாக இருக்கும், தள்ளி நகர்த்தலாம், மனமும் தளராது. சில் வேலைக்கு வரும்போது ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டினால் மைனரும் அந்த பீட்டல் மாதிரியே வளையும்.

நம் ஊர் ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்தத் திட்டமும் போடக் கூடாது. வெளிநாட்டுப் புத்தகங்களில் தகரத்தைச் சுரண்டி வைத்துவிட்டு அடுத்த வாரம் பிரைமர் அடிப்பார்கள். இங்கே சாயங்காலம் சுரண்டிய தகரத்தில் காலையில் மஞ்சள் பூத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எவ்வளவு சுரண்டி, துடைத்து, எபோக்சி பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு இடம் மட்டும் தொட வேண்டும். பிளாஸ்டிக் கான்வாஸைப் போட்டு மூடவும் வேண்டாம், உள்ளே ஈரம் வேர்த்து நிற்கும். கூரையும் காற்றோட்டமும் போதும்.

இன்னும் இரண்டு விஷயம் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். செங்கல் மேல் காரை நிறுத்திவிட்டுக் கீழே போகக் கூடாது. செங்கல் சொல்லாமல் உடையும், நாலு ஜாக் ஸ்டாண்ட் வாங்கு என்றேன். பழைய பிரேக் கட்டையிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

காகித வேலையில் மைனர்தான் சிக்கல். டட்சனுக்கும் பீட்டலுக்கும் உரிமையாளர் உயிரோடு இருக்கிறார்கள். மைனரின் கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம், இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் இறந்தவர் சொத்தைப் பார்க்கிற அமானா ராயாவில் வாரிசுக் கடிதம் எடுத்துக் கொடுத்தால்தான் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாற்ற முடியும். முழுப் பணத்தையும் அதற்கு முன்னால் கொடுக்காதே என்றேன். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கிராண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இரண்டும் ஒத்துப்போனது. நிறம் மாற்றினாலும் எஞ்சின் மாற்றினாலும் ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் அவனிடம் கேட்டேன், "இந்தத் தீபாவளிக்கு ஓட்டணுமா, இல்ல நீயே செய்யணுமா?" தீபாவளிக்கு ஓட்ட வேண்டுமென்றால் டட்சனை எடு, ஓட்டிக்கொண்டே நல்ல பின்பக்கத் தகரம் உள்ள இன்னொரு 120ஒய்யைத் தேடு என்றேன். துரு இல்லாத ஹீட்டர் குழாயோடு வேறொரு பீட்டல் வந்தால் அதற்குத்தான் என் முதல் ஓட்டு, ஆனால் கோலகங்சார் வண்டி வேண்டாம். நீயே செய்ய வேண்டுமென்றால், கோழி எச்சத்தோடு நிற்கிறதே, அதுதான் உன் வண்டி.

இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள், "மாமா, வெல்டிங் மெஷின் எது வாங்கணும்?" என்று செய்தி அனுப்பினான். வீட்டு மின்சாரத்திலேயே ஓடுகிற கேஸ் இல்லாத சின்ன மிக் மெஷின் போதும் என்று பதில் போட்டேன். பழைய தகரத் துண்டுகளை வாங்கி மூன்று மாதம் ஒட்டிப் பழகினான்.

கடிதம் வந்து பெயர் மாறி, மைனர் இப்போது போர்ச்சில் நிற்கிறது. போன ஞாயிறு வலது முன் விங்கைக் கழற்றினோம். பதினொரு போல்ட் சுழன்று வந்தது, மூன்றை வெட்ட வேண்டியிருந்தது. விங்குக்கு உள்ளே தோட்டத்துச் செம்மண் ஒரு கட்டி இறுகிப் போயிருந்தது. அக்கா பழைய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பிடித்தார். சுரண்டச் சுரண்ட மண்ணுக்கு நடுவிலிருந்து ஒரு ரப்பர் கொட்டை உருண்டு விழுந்தது, மேலே உள்ள புள்ளிகள் கூட அழியவில்லை. அவன் அதைத் துடைத்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு டிரனியன்.